மாற்றிக் கட்டிய நரம்புகள்

1945 நவம்பர் 5, திங்கள்

மழை. விறகு நனைந்துவிட்டது. நான் சமைக்கிற மிஷன் போர்டிங்கில் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி தாமதம். பெரிய டீச்சரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் மாவாட்டும்போது வலது மணிக்கட்டு விட்டுப்போயிற்று. இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். மாவு தள்ளிக் கொடுக்கிற வெள்ளத்தாய் பார்த்துவிட்டாள். "யக்கா, பீச்சாங்கையால ஆட்டுன மாவுன்னு தெரிஞ்சா ஒரு பிள்ளை திங்காது" என்று சிரித்தாள். மறுபடி வலது கைக்கே வந்தேன்.

ராஜபாளையத்திலிருந்து தம்பியின் சிநேகிதன் வேதமணி சொல்லி அனுப்பியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம், கண்ணுச்சாமியும் கூட. தம்பி போன பிறகு அவர்கள் இந்த வீட்டுப் பக்கம் வந்ததில்லை. எதற்கு வருகிறார்கள் என்று தெரியும். ஆணியில் தொங்குகிறதே, அதற்குத்தான்.

நவம்பர் 11, ஞாயிறு

வந்தார்கள். பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்ததால் இரண்டு பேர் மூஞ்சியும் அடுப்பு ஊதினது போல இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். முகம் கழுவினார்கள். அப்புறம் இரண்டு பேரும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் ஞாயிறு மத்தியானம் இந்த வீட்டில் பேச்சு ஓயாது. ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருக்கிற வேதமணி, சைக்கிள் கடை கண்ணுச்சாமி, போலீஸ்கார வீட்டுப் பையன் சின்னத்துரை, நடுவில் என் தம்பி தேவஇரக்கம். நாலு பேருக்கும் ஒரே பைத்தியம். கித்தார்.

வேதமணிதான் வாய் திறந்தான். "அக்கா, செத்த நேரம் இறக்கிப் பாக்கட்டுமா?"

தம்பியின் பழைய வேட்டியைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தேன். அவிழ்த்தான். அந்த மர வாசனை. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து அவர்கள் பேச்சு கேட்டது.

"எம்புட்டு வயசுலே இருக்கும் இதுக்கு?"

"உள்ள காயிதம் ஒட்டிருக்கு பாரு. ஆயிரத்தி எண்ணூத்தி... பொறவு எலி தின்னுட்டு."

"எலிக்கு வருசம்தான் ருசி போல."

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அது தப்பாகப் பட்டது.

மிஷன் பங்களாவில் இருந்த துரைசானி ஒருத்தி சீமைக்குத் திரும்பும்போது ஏலம் விட்டாளே, அதில் தம்பி எடுத்தது. மில்லில் சேர்ந்த புதிது அவன். கட்டில் எடுப்பான் என்று நினைத்தேன், இதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

வேதமணி மீட்டிப் பார்த்தான். மெல்லிய நரம்பு ஒன்று படீரென்று அறுந்தது. "அஞ்சு வருசத்து நரம்புக்கா, இத்துப்போச்சு" என்றான். பிறகு, வந்த காரியம்: "பழைய மரம்க்கா இது. வாசிக்க வாசிக்கத்தான் வாய் திறக்கும். சும்மா தொங்குனா ஊமையாப் போயிரும். நான் கொண்டு போகட்டுமா? வேதக்கோவில்ல வாசிக்கேன். இரக்கம் பேரைச் சொல்லி வாசிக்கேன்."

பார்ப்போம் என்றேன்.

நவம்பர் 12

பார்ப்போம் என்றால் என்ன? ஆமாவா, இல்லையா? எனக்கே தெரியவில்லையே.

நவம்பர் 25, ஞாயிறு

இன்றைக்கு எழுதிவிட வேண்டும். மனதிலேயே வைத்து அரைத்தால் அரைபட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அம்மா சாகும்போது இரக்கத்துக்கு இரண்டு வயது. நான் தாலியறுத்து இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். எனக்குப் பிள்ளை இல்லை, அவன்தான் பிள்ளை. சோற்றுக்கு இடது கையை நீட்டுவான். எதற்கும் இடது கைதான். நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? அவனுக்கு நாலு வயது ஆனபோது, பழைய சேலைத் துணியைக் கிழித்து அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவைத்தேன். சாப்பாட்டு நேரமும், சிலேட்டில் எழுதும் நேரமும். விரலில் வேப்பெண்ணெய் தடவினேன். பிள்ளை அழவே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை, சீக்கிரம் மாறிக்கொண்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன். சோத்தாங்கையால் சாப்பிட்டான், எழுதினான், மில்லில் வேலை பார்த்தான்.

கித்தார் வந்ததும் அந்தக் கை திரும்ப வந்துவிட்டது. ஆறு நரம்பையும் வேதமணியை வைத்துக் கழற்றி, வரிசையை மாற்றிக் கட்டிக்கொண்டான். இடது கையால் மீட்டுவான். இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வாசிப்பு! நான் குழம்பைத் தீயவிட்ட நாள் உண்டு.

நாற்பதாம் வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கோவிலில் வாசிக்கச் சொன்னார்கள். தண்ணீர் எடுக்கிற இடத்தில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள், "கழுவுற கையால கர்த்தருக்குப் பாட்டாம்." எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. தம்பி மில்லுக்குப் போயிருக்கும்போது வேதமணியைக் கூப்பிட்டு, நரம்பை எல்லாரையும் போல மாற்றிக் கட்டு என்றேன். அவன் தயங்கினான். அக்கா சொல்கிறேன், கட்டு என்றேன். கட்டிவிட்டான்.

வந்து பார்த்த தம்பி ஒன்றும் சொல்லவில்லை. வலது கையால் பழகிப் பார்த்தான். பண்டிகை அன்று இரண்டாம் அடியிலேயே விரல் தடுமாறி நின்றுவிட்டது. சபையார் பாட்டை நிறுத்தவில்லை, பாடிக்கொண்டே போனார்கள். பிள்ளைகள் சிரித்தன. அவன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து கறியும் சோறும் சாப்பிட்டான். "கறி நல்லாருக்குக்கா" என்றான். கித்தாரை ஆணியில் மாட்டினவன்தான், அப்புறம் தொடவில்லை. கோடையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது சின்னத்துரையோடு போய்விட்டான். போன வருஷம் மே மாதம் தந்தி வந்தது. மணிப்பூர்ப் பக்கம், காய்ச்சலாம்.

நான் அன்று சும்மா இருந்திருந்தால் போயிருப்பானா? போயிருப்பானோ என்னவோ. மில்லில் பாதிப்பேர் போனார்களே. அப்படிச் சொல்லிப் பார்க்கிறேன், ஒட்டவில்லை.

டிசம்பர் 9, ஞாயிறு

வேதமணி வந்தான். தருகிறேன் என்றேன். ஆனால் முதலில் நரம்பைத் தம்பி வைத்திருந்த மாதிரி மாற்றிக் கட்டு என்றேன்.

"அப்படிக் கட்டுனா வாசிக்க ஆள் இல்லயேக்கா. எங்க யாருக்கும் வராது."

"வாசிக்காட்டாப் போகுது. அவன் சாமான் அவன் மாதிரி இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கே மாட்டேன்னு சொல்லிருக்கணும்க்கா நான்" என்றான். அவனும் இத்தனை வருஷம் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். எனக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த நரம்பு ஆகாதாம், புதிது வேண்டுமாம். யுத்தத்தில் சீமைச் சாமான் ஒன்றும் வரவில்லை. கண்ணுச்சாமி மதராஸுக்குச் சொல்லிவிடுகிறான்.

டிசம்பர் 25

கோவிலில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அதே பாட்டில் இரண்டாம் அடி வரும்போது காதைப் பொத்திக்கொண்டேன்.

1946 ஜனவரி 13, ஞாயிறு

கண்ணுச்சாமி கிராமபோன் பெட்டியையும் பிளேட்டுகளையும் பஸ்ஸில் தூக்கி வந்தான். எனக்கு மனசு ஆறட்டும் என்று. சண்டைதான் நடந்தது.

நரம்பு கிடைக்கவில்லை, இரும்புக் கம்பி போடலாமே என்றான் கண்ணுச்சாமி. வேதமணி பாய்ந்தான். "குடல் நரம்புக்குன்னு செஞ்ச சாமான்லே இது. கம்பியப் போட்டு இழுத்தா வயித்துப் பலகை பிய்ஞ்சுரும்."

"குடலா? எந்தக் குடல்?"

"ஆட்டுக் குடல்தான். பின்ன என்ன, பட்டுன்னு நெனச்சியா?"

கண்ணுச்சாமி தொட்ட கையை வேட்டியில் துடைத்தான். "சனிக்கெழம விரதம் இருக்கவன், இத்தன நாளா இதத் தொட்டுருக்கேனா!"

அப்புறம் பிளேட்டு. கல்கத்தாக்காரர் ஒருவர் கித்தாரை மடியில் மல்லாத்திப் போட்டு, இரும்புத் துண்டால் இழுத்து வாசிக்கிறாராம்.

"இது வாசிப்பாலே? பூனை அழுத மாதிரி இருக்கு" என்றான் வேதமணி. "விரலால எடுக்கணும். ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு ஆள் மாதிரி பேசணும்."

"பூனை இல்ல, மனுசன் அழுகுறது. காது இருக்கவனுக்குக் கேக்கும். இரக்கம் இருந்தா என் பக்கம்தான் பேசுவான்."

"என் பக்கம் பேசுவான்."

"ஏலே, என் பக்கம்."

பிளேட்டு முடிந்து ஊசி சும்மா கரகரவென்று உரசியது. எந்தப் பக்கம் பேசியிருப்பான்? எனக்கும் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

கித்தாரை ஆணியில் மாட்ட எடுத்தேன். எடுத்தவள் ஒரு நிமிஷம் மார்போடு அணைத்துக்கொண்டேன். வேதமணி பார்த்தான். "யக்கா, பிடிச்சிருக்கதப் பாத்தீங்களா?" குனிந்து பார்த்தேன். கழுத்து என் வலது கையில் இருந்தது, நரம்பின் மேல் இடது கை.

"அவனப் பாத்துப் பாத்து வந்தது" என்றேன்.

"பாத்தது நாங்களுந்தானே. எங்களுக்கு அப்படி வரலயே."

ஜனவரி 15

வெங்காயம் உரிக்கும்போது கவனித்தேன். யோசனை இல்லாமல் செய்கிற வேலையெல்லாம் எந்தக் கை செய்கிறது? ஈ ஓட்டுவது. கதவு தள்ளுவது. அடுப்பில் விழப்போன தட்டைப் பிடித்தது.

வேண்டாம். வேலை கிடக்கிறது.

பிப்ரவரி 3, ஞாயிறு

ரேஷன் அரிசியில் பாதி கல். புடைத்துக்கொண்டே இருந்தேன். நரம்பு மதராஸிலிருந்து வந்துவிட்டதாம்.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்றே எழுதிவிடுகிறேன்.

வேதமணி பாயை விரித்து, கித்தாரைக் கிடத்தி, முதல் நரம்பைத் தளர்த்த அதன் முறுக்காணியைத் திருகினான். வாசலில் ஒரு நிழல். பட்டாளத்துக் கம்பளிச் சட்டை, கன்னம் ஒட்டி, தலையில் பாதி மயிர் இல்லை. முதலில் யாரென்றே தெரியவில்லை. சின்னத்துரை! ஆஸ்பத்திரியில் கிடந்து, முந்தாநாள்தான் விடுதலையாகி வந்தானாம். "ஞானரத்தினக்கா" என்றான். என் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சோறு போட்டேன். தின்றுகொண்டே பாயைப் பார்த்தான்.

"என்னலே பண்ணுத?"

"இரக்கம் மாதிரி மாத்திக் கட்டச் சொல்லுதாவ அக்கா."

"ஏலே, நிறுத்து. தொடாத." எச்சில் கையோடு எழுந்துவிட்டான்.

பிறகு சொன்னான். அவன் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

"கேம்புல ஒரு வெள்ளைக்காரப் பையன்கிட்ட கித்தார் இருந்துச்சுக்கா. எல்லாரையும் போலக் கட்டுனது. இரக்கம் அத அப்படியே தலைகீழாத் திருப்பிப் பிடிச்சான். தடி நரம்பு கீழ, மெல்லிசு மேல. எல்லாம் மாறிக் கெடக்கும். மொத மாசம் கேக்கச் சகிக்கல. நாங்க பூட்ஸ எடுத்து எறிவோம். அந்த வெள்ளைக்காரனே, கழட்டி ஒனக்குத் தோதா மாத்திக்கடான்னான். இவன் மாட்டேன்னுட்டான். ஏம்லேன்னு கேட்டேன். 'வீட்டுல இருக்கது அக்கா மாத்தி வச்சதுடா. திரும்பிப் போயி அதக் கழட்டுனா அவிய மனசு சங்கடப்படும். அப்படியே இருக்கட்டும், நான் இந்தக் கையாலயே வாசிச்சுருவேன்'னான். படிச்சிட்டான்க்கா. கடைசியில அவன் எடுத்தா, சமையல்காரன் கரண்டியப் போட்டுட்டு வந்து நிப்பான்."

கண்ணுச்சாமிதான் மெதுவாகக் கேட்டான், "இழுத்தா வாசிச்சான், விரலாலயா?"

"விரலால."

வேதமணி ஜெயித்துவிட்டான். ஆனால் அவன்தான் முதலில் அழுதான்.

புது நரம்பைப் போட்டோம், இருந்தபடியே. மாற்றவில்லை.

பிப்ரவரி 18

என் மனசு சங்கடப்படுமாம்.

அடப் பாவிப் பயலே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பிப்ரவரி 24, ஞாயிறு

அம்மாவின் ஞாபகம் வந்தது. அவள் முகம் இல்லை, அவள் சேலைத் துணி. நீலக் கரை. என் இடது மணிக்கட்டில் அந்த முடிச்சு எப்படி இறுகும் என்பது. இத்தனை காலம் எங்கே போயிருந்தது இது? தம்பி கையைக் கட்ட நான் கிழித்ததும் அந்தச் சேலையைத்தான்.

மார்ச் 17, ஞாயிறு

வேதமணி சிரிக்காமல் சொல்லித் தருகிறான். சிரிக்கிற வேலையைச் சின்னத்துரை பார்த்துக்கொள்கிறான். "இந்த வயசுல கித்தாரா, ஊர் என்ன சொல்லும்" என்று வெள்ளத்தாய் கேட்டாள். "ஊரு சொன்னதக் கேட்டு நான் செஞ்சது போதும்ட்டி" என்றேன்.

தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறேன், அவன் பிடித்த மாதிரி. வலது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம். மிளகாய் அரைத்தால் உயிர் போகிறது. ஒரு பாட்டில் இரண்டு அடி. அதற்கு மேல் வரவில்லை, இனியும் வராது போலிருக்கிறது. வராவிட்டால் போகட்டும்.

1946 ஏப்ரல் 21, ஈஸ்டர்

இன்று வேதமணி கோவிலில் வாசித்தான். நரம்பு எல்லாரையும் போலத்தானே கட்டியிருக்கிறது, அவனுக்குத் தடை இல்லை. தடுமாறாமல் கடைசி அடிவரை போனான். நான் முன்வரிசையில் இருந்தேன். காதைப் பொத்தவில்லை. முடிந்ததும் கித்தாரை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தான். வாரநாளில் என்னிடம், ஞாயிற்றுக்கிழமை அவனிடம். அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பிடித்து என் இரண்டு அடியையும் வாசித்தேன். மூன்றாவது அடிக்குப் பதிலாக மறுபடி முதலடி.

இன்று எழுத்து கோணலாக இருக்கிறது. வரி மேலே ஏறி ஏறிப் போகிறது. எழுதினதன் மேல் கை படிந்து மை ஈஷிக்கொள்கிறது. ஆமாம், அந்தக் கைதான் எழுதுகிறது. என் சொந்தக் கையே என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. அரைப் பக்கத்துக்கே விரல் மடங்க மறுக்கிறது, தோள் வரைக்கும் இழுக்கிறது. கை மாறுவது என்றால் இவ்வளவு வலியா?

நாலு வயதில் அவன் அழவே இல்லை என்று எழுதியிருந்தேன். கட்டிவைத்துவிட்டு நான் அடுப்படியில் இருந்தேன். பார்த்தேனா என்ன?