வயலாவுக்குப் பாட்டு இல்லை

டீச்சர்,

இன்று மாலை காற்று பலமாக இருந்தது. கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மரக் கிளிப்பில் மங்கிய மையில் ‘வயலா’ என்று எழுதியிருந்தது. உங்கள் கையெழுத்து. அது எப்படி எங்கள் துணிக்கொடிக்கு வந்தது என்று தெரியவில்லை. அப்பாவின் வேட்டி காற்றில் உப்பி என் முகத்தை மூடியது. அந்த வெள்ளைக்குள் நின்றபடியே நான் உங்கள் களத்துக்குப் போய்விட்டேன்.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், உங்கள் தோப்பில் கொப்பரை உலர்த்தும் களத்தில்தான் நாம் வாசிப்போம். மலைக் கணவாய்க் காற்று இசைத்தாள்களைத் தூக்கிக்கொண்டு போகும் என்பதால் ஆளுக்கு இரண்டு துணிக் கிளிப்புகள் கொடுத்திருந்தீர்கள். அப்படியும் ஒருநாள் செல்லோக்காரர்களின் தாள் ஒன்று பறந்துபோய் எருமையின் முதுகில் உட்கார்ந்தது. எருமை அசையாமல் மேய்ந்தது. “அதைப் பாத்துக் கத்துக்குங்க. அதுக்கு அவசரமே கெடையாது. நீங்கதான் தாளத்த உட்டுப்போட்டு ஓடறீங்க” என்றீர்கள். அன்றைக்கு முழுவதும் யாராலும் சிரிக்காமல் வாசிக்க முடியவில்லை.

நீங்கள் யார் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வெளிநாட்டு அரங்குகளில், கறுப்புக் கோட்டு அணிந்த பெரிய வாத்தியக்காரர்களுக்கு முன்னால் கோல் பிடித்து நின்று இசைக்குழுவை நடத்தியவர். போன ஊரிலெல்லாம் பிள்ளைகளுக்கென்று ஒரு குழு தொடங்கினீர்களாம். கடைசியில் பிள்ளைகள் மட்டும் போதும் என்று சொந்த ஊருக்கே வந்துவிட்டீர்கள். ஏன் என்று நான் கேட்டேன். எதையும் கேட்டுவிடுகிறவள் நான்.

“பெரியவங்க தப்பா வாசிச்சா மொகத்த மறைச்சுக்குவாங்க, கண்ணு. நீங்க தப்பா வாசிச்சா பக்கத்துல இருக்கறவளப் பாத்து மொறைக்கறீங்க. எனக்கு அதுதான் புடிச்சிருக்குது.”

எனக்கு வயலா கொடுத்தீர்கள். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் தாழ்ந்தது. புத்தகத்தில் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அரைப் பக்கம்கூட இல்லை. பாட்டின் மெட்டு வயலின்களுக்குப் போய்விடும். அடிநாதம், தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோவுக்கு. நடுவில் நான் இரண்டு மூன்று சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். வீட்டில் தனியாக வாசித்தால் அது பாட்டாகவே இருக்காது.

“ஏங் கண்ணு, கெணத்து மோட்டார் ஓடறாப்டியே இருக்குது. பாட்டு எப்ப வரும்?” என்று அப்பா தினமும் கேட்பார். சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு உங்களிடமே வந்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

“ஏனுங்க டீச்சர், மத்த புள்ளைகளுக்கெல்லாம் பாட்டுக் குடுத்திருக்கறீங்க. எம்புள்ளைக்கு மட்டும் ஏனுங்க இப்படி? எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா?”

“கோவமெல்லாம் இல்லீங்க. நடுவுல நின்னு தாங்கறதுக்கு நிதானமான புள்ள வேணுமுங்க.”

“அதை யாருங்க கேக்கப் போறாங்க?”

நீங்கள் அவருடன் வாதம் செய்யவில்லை. “சாந்தன்பாறைக் கச்சேரிக்குப் புள்ளைகளோட துணைக்கு வாங்க. கேட்டுப்போட்டு அப்பறம் சொல்லுங்க” என்றீர்கள்.

“வர்றனுங்க. ஆனா அதோட சரிங்க. அடுத்த வருசம் பத்தாவது.”

சாந்தன்பாறைதான் என் கடைசிக் கச்சேரி என்று நினைத்துக்கொண்டேன்.

விடுமுறைகளில் நீங்கள் மலைமேல் சாந்தன்பாறை ஏலக்காய் எஸ்டேட் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து வந்தீர்கள். அவர்களும் நாங்களும் சேர்ந்து வாசிப்பது அதுவே முதல் தடவை. வேன் போடிமெட்டு வளைவுகளில் ஏற ஏற ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினோம். அப்பா துண்டால் காதை மூடிக்கொண்டு, யாரோ கனவில் இறக்கிவிட்டதுபோல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் முற்றத்தில் கச்சேரி. உலரும் காயின் வாசனை மூச்சிலேயே கலந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்த சாந்தன்பாறை வயலாக்காரி என் தாளை எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, ஒனக்கும் பாட்டு இல்லியா? ‘காயெடுக்கப் போன எடத்துல களைய மட்டும் பறிச்சிட்டு வந்த மாதிரில்லா இருக்கு’ன்னு எங்க அம்மை கேலி பண்ணுதா.”

அவளிடம் எனக்கு உடனே பிரியம் வந்தது.

நீங்கள் கையைத் தூக்கியபோது அங்கே மஞ்சு என்கிற பனிமூட்டம் முற்றத்துக்குள் இறங்கியது. உங்கள் கைகள் தெரிந்தன, மறைந்தன, மறுபடி தெரிந்தன. கோலை வைத்துவிட்டு வெறும் கையால் காற்றை மெதுவாக வருடினீர்கள். வயலின்கள் மெட்டை எடுத்தன. சாக்குகளில் உட்கார்ந்திருந்த எஸ்டேட்காரர்கள் அதோடு சேர்ந்து தலையாட்டினார்கள். எனக்குப் பயம் போய்விட்டது. என் சுரங்கள் எல்லாவற்றுக்கும் அடியில், வாய்க்கால் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் அரை மூச்சு முந்திவிட்டேன். உங்கள் புருவம் லேசாக உயர்ந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது என்று தொடர்ந்து வாசித்தேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் அப்பா நேராக உங்களிடம் வந்தார். நான் வயலாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. கடைசில மெதுவாப் போறதுக்கு முன்னால ஒரு எடம் வருமுங்களே? அங்க புள்ள கொஞ்சம் பொறுக்கோணுமுங்க. ஊட்டுல சரியாத்தான் வாசிப்பா. இன்னைக்கு அவசரப்பட்டுட்டா.”

நீங்கள் அப்பாவை அப்படியே பார்த்தீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது.

“நானும் கவனிச்சனுங்க. இத்தன பேருல அது தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தானுங்க.”

“மத்தவங்க என்னத்தக் கேட்டாங்களோ எனக்குத் தெரியாதுங்க. எனக்கு இவ வாசிக்கறதுதானுங்க கேட்டுச்சு. அதைச் சுத்தி என்னமோ நெறைய வாசிச்சாங்க.”

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். இத்தனை வருடம் கோல் பிடித்ததில் இப்படி ஒரு ரசிகரைப் பார்த்ததில்லை என்றீர்கள். கீழே இறங்கும் வேனில் எல்லோரும் தூங்கிய பிறகு அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “பத்தாவதுன்னாலும் வெடியால எந்திரிச்சா வாசிக்கலாமில்ல?” இருட்டில் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் நீங்கள் படுத்தீர்கள், எழவில்லை. உங்களைக் கொண்டுபோன அன்று களத்தில் நாற்காலிகள் அரைவட்டமாகவே கிடந்தன. அவற்றை நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. இப்போது செல்லோ வாசிக்கும் அக்கா முன்னால் நின்று கையசைக்கிறாள். சாந்தன்பாறைப் பிள்ளைகள் விடுமுறையில் இங்கே வருகிறார்கள். நான் விடியற்காலையில் வாசிக்கிறேன், அப்புறம்தான் கணக்கு. கூட்டத்தில் எங்கே இருந்தாலும் மேலே கேட்கும் சத்தத்துக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று என் காது தேடுகிறது. அதை நிறுத்த முடியவில்லை, டீச்சர்.

இதை எழுதும்போது அப்பா தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிறார். வாயில் என் வயலாப் பகுதிதான். அதே இரண்டு மூன்று சுரங்கள், அசையாத நிதானம். கேட்பவர்களுக்கு அது பாட்டென்றே தெரியாது. அதன் மேல் வர வேண்டிய மெட்டை நீங்கள் பயிற்சியில் எங்களுக்காகப் பாடிக் காட்டுவீர்கள். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது.

என் பகுதியை அப்பா பார்த்துக்கொள்கிறார். நான் அவர் நிற்கும் தோப்புக்குப் போய் அதன் மேல் மெட்டைப் பாடுகிறேன்.