துடைப்பம் படாத மூலை

ஜீயபுரம்,
6.8.2025

அன்பு மகள் கலைமதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. காவேரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. சென்னையில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் வாயைத் திறந்த உடனே, "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். அந்த அப்புறம் ஒரு வாரம் கழித்து வரும். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. அதனால் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு கோபப்படு.

ஆடிப் பதினெட்டன்று நம் மருதந்துறை வனப்பூங்காவில் ஜனம் நெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு வேன் வேனாக வந்து இறங்கினார்கள். கைலாசபுரத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்தார்கள். பெண்கள் கழிப்பறை மூன்றில் ஒன்று காலை பத்து மணிக்கே அடைத்துக்கொண்டது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் மணலில் சிக்கி நின்றுவிட்டார். நானும் டிக்கெட் கவுண்டர் வியாகுலம்மாளும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் வைத்தோம். ஆக, வருகிற ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் கம்பெனி போட்டிருக்கும் இருபது வருஷத் திட்டத்தில் பன்னிரண்டு கழிப்பறை, சரிவுப் பாதை, இடத்துக்கு இடம் குடிதண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் நல்ல காரியம். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

பொதுமக்கள் கருத்துச் சொல்ல அந்த வரைவுத் திட்டத்தை டிக்கெட் கவுண்டரில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வரைபடத்துக்குக் கீழே 'வரைந்தவர்: அ. கலைமதி' என்று வியாகுலம்மாள்தான் முதலில் பார்த்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஐஸ்காரர் வரைக்கும் இழுத்து வந்து காட்டினேன். பூங்காவைப் பெருக்குகிறவளின் மகள் பூங்காவுக்கே திட்டம் போடுகிறாள் என்றால் சும்மாவா? சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம். பின்வாசலை ஒட்டிய மூலையில் ஒரு கட்டம். 'பயன்பாடற்ற, பராமரிக்கப்படாத நிலம். நூற்றிருபது கார்களுக்கான வாகன நிறுத்தம்.' அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலை, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பூங்கா திறந்த நாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தை எடுத்தவள் நான். வீட்டு வாசல் மாதிரி மண் தெரியப் பெருக்கினால்தான் எனக்கு மனசு ஆறும். ஓர் இலை கிடந்தாலும் நாலு பேர் என்னைக் கேவலமாகப் பார்ப்பது போல இருக்கும். மரத்தடி, புதரடி ஒன்று விடாமல் பெருக்கி, சருகைக் குவித்துக் கொளுத்திவிட்டுத்தான் டீ குடிப்பேன். அதற்கு எனக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். நீதான் ஆணி அடித்து மாட்டினாய். இன்னொரு பக்கம் வருஷா வருஷம் லாரியில் கன்றுகள் வந்து இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நடுவார்கள். சித்திரை வெயிலில் பாதிக்கு மேல் கருகிவிடும். மண் சரியில்லை என்றார்கள், தண்ணீர் போதவில்லை என்றார்கள். என் துடைப்பத்தை யாரும் சந்தேகப்படவில்லை, நான் உட்பட. மரத்திலிருந்து விழுந்த விதையையும், அதற்குப் போர்வையாகக் கிடந்த சருகையும் நானே வாரிக் கொளுத்தியிருக்கிறேன். காடு வளரட்டும் என்று வேலி போட்ட இடத்தில் காட்டை முளைக்க விடாமல் செய்தவள் உன் அம்மாதான்.

துடைப்பம் படாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. உன் அப்பா காவல் இருந்த பழைய கொட்டகையைச் சுற்றிய அந்தப் பின்வாசல் மூலை. உன் அப்பா போன பிறகு ஒன்பது வருஷம், மூங்கில் வளைவு வரைக்கும் பெருக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். அதற்கு மேல் கால் போகாது. யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாக வந்த வனவர் ஜெயக்குமார் சார்தான், "அந்த மூலை ஏம்மா இப்படிக் கெடக்கு? பாம்பு அடையுது, சுத்தம் பண்ணுங்க" என்றார். அரிவாளையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் வெயில் நின்றுவிட்டது. நாவல் இரண்டு ஆள் உயரம். புங்கு, நுணா, விளா என்று எண்ண முடியாமல் நிற்கின்றன. யாரும் நடவில்லை, யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. முழங்கால் வரை சருகு. கையால் விலக்கினால் சித்திரை மாதத்திலும் அடி மண் ஈரமாக இருந்தது. கொட்டகைக் கூரை சரிந்து, அதன் நடுவில் ஓர் அத்திக் கன்று வந்திருந்தது. பெருக்கப் போனவள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அன்றிலிருந்து பாதையையும் கழிப்பறையையும் மட்டும்தான் பெருக்குகிறேன். மரத்தடியில் துடைப்பத்தை வைப்பதில்லை. இப்போது பூங்காவில் வேறு இடங்களிலும் முளை தெரிகிறது. இதற்காகப் போன மாதம் எனக்கு மெமோ கொடுத்தார்கள். வேலையில் அலட்சியமாம். பதினேழு வருஷத்தில் முதல் மெமோ. 'பாதையைப் பெருக்குவேன், காட்டைப் பெருக்க மாட்டேன்' என்று முந்தாநாள்தான் என் கையாலேயே பதில் எழுதிக் கொடுத்தேன். வனவர் வாசித்துவிட்டு, "தற்காலிக வேலைம்மா இது, போயிடும்" என்றார். "போகட்டும் சார். அதுக்கு முன்னாடி அந்த மூலையில வந்து ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்றேன். வந்தார். ஐந்து நிமிஷத்துக்கு மேலேயே நின்றார். பிறகு மெதுவாக, "நல்லாத்தான் இருக்கு. ஆனா சென்னைலேர்ந்து வந்த பிளான்ல பார்க்கிங்னு இருக்கேம்மா, நான் என்ன பண்ணட்டும்" என்றார். சென்னையில் யார் என்று நான் சொல்லவில்லை.

கார் நிறுத்த இடம் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? மெயின் ரோட்டை ஒட்டிப் பழைய செங்கல் காளவாய் மேடு இருக்கிறது. மண் வெந்துபோய்ப் புல்கூட முளைக்காது. அங்கே நூற்றிருபது என்ன, இருநூறு கார் நிறுத்தலாம். அங்கிருந்து வாசலுக்கு நானூறு காலடிதான். நானே நடந்து எண்ணினேன். நடக்க முடியாதவர்களுக்கு ஒரு பேட்டரி வண்டி விடுங்கள். இதை ஆட்சேபணை மனுவாக எழுதி, வேலை செய்யும் பெண்கள் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். வியாகுலம்மாள், "பெத்த பொண்ணு மேலயே மனு போடுறியே பொன்னு" என்றாள். பெண் மேல் போடவில்லை, நாற்பத்தொன்றாம் பக்கத்தின் மேல் போடுகிறேன் என்றேன்.

இருபதாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நீதான் வந்து பேசப்போகிறாய் என்று சொல்கிறார்கள். வா. நான் முதல் வரிசையில் இருப்பேன். நீ அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டும்போது எழுந்து நிற்பேன். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். அப்போது நீ எனக்கு மகள் இல்லை, நான் உனக்கு அம்மா இல்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் உனக்குப் பிடித்த வாழைப்பூ வடை இருக்கும். அது வேறு, இது வேறு.

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். பயன்பாடற்ற நிலம் என்று நீ தெரியாமல் எழுதவில்லை. செயற்கைக்கோள் படத்தில் பூங்காவிலேயே அந்த மூலைதான் அதிகப் பச்சையாகத் தெரிந்திருக்கும். பார்த்துவிட்டுத்தான் வரைபடத்தில் அதன் மேல் சிமெண்டைக் கொட்டியிருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மதியம் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனவள் நீ. எனக்குக் கைவேலை இருந்தது, உன்னை அனுப்பினேன். கொட்டகை வாசலில் அவர் விழுந்து கிடந்ததைத் தனியாகப் பார்த்தவள் நீ. பதினாலு வயசு உனக்கு. சோறு மண்ணில் கொட்டியிருக்க, நீ கத்தாமல் நின்றாய் என்று பிறகு சொன்னார்கள். இந்தப் பதினோரு வருஷத்தில் அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மூங்கில் வளைவோடு திரும்பினேன். நீ திருச்சிக்கு வந்தாலும் பூங்கா வாசலை மிதிப்பதில்லை. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு. அனுப்பியவள் நான். ஆனால் அந்த இடத்தை மூட விடமாட்டேன். உனக்காகவும் விடமாட்டேன்.

நீ போடும் கோடெல்லாம் நிலைத்து நிற்கட்டும், அந்த ஒரு கட்டத்தைத் தவிர. உன் கையால் இந்தப் பூங்கா இன்னும் நூறு வருஷம் நிழல் கொடுக்கட்டும்.

கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டு வா. பத்தொன்பதாம் தேதி மதியம் பின்வாசலைத் திறந்து வைக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். இந்தத் தடவை தூக்கை நான் எடுத்து வருகிறேன். நீ வெறுங்கையோடு வா.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா
பொன்னுத்தாய்