செருப்புக் கடைக்கு ஒரு போர்த் திட்டம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போன மாதம் அனுப்பிய ஜோடி காலுக்குச் சரியாக இருக்கிறதா? அடிபட்ட கால் குட்டை என்பதால் இடது அடியைக் கொஞ்சம் தாராளமாகவே உயர்த்தித் தைத்தேன். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவனுக்கு அப்படி என்ன தலைபோகிற வேலையோ.

என் கதை உனக்குத் தெரியும். வீங்கிய பாதம், அகன்ற பாதம் உள்ள பெண்களுக்கு எந்தக் கடையிலும் செருப்பு கிடைப்பதில்லை, ஆன்லைனில் விற்கலாம் என்று யோசித்தது நான். பின்னறையில் உட்கார்ந்து தோல் வெட்டியது நான். கூடவே இருந்து கணக்கு பார்த்த மனுஷன், செருப்பு அச்சுகளையும் வாடிக்கையாளர் போன் நம்பர்களையும் அள்ளிக்கொண்டு போய்த் தனிக் கடை போட்டுவிட்டான். புருஷன் போனதையும் தொழில் பாதி போனதையும் எப்படியோ ஜீரணித்துக்கொண்டேன்.

நேற்று ஆன்லைனில் அவன் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பில் ஒரு பெண்ணின் பாதம், அதில் புதுச் செருப்பு. பெருவிரலுக்குக் கீழே கத்தி வெட்டிய தழும்பு. அது என் கால், தம்பி. நாங்கள் கடை ஆரம்பித்தபோது எடுத்த படம். என் காலைக் காட்டியே என் வாடிக்கையாளர்களைக் கூப்பிடுகிறான்.

இனிமேல் பொறுக்க முடியாது. அவன் கடைக்குப் பூட்டுத் தொங்க வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். பட்டாளத்தில் திட்டப் பிரிவில் இருந்தவன் நீ. ஒரு மலையை எப்படிப் பிடிப்பது என்று மேஜையில் உட்கார்ந்து வரைந்தவன். ஒரு கடையை எப்படி வீழ்த்துவது என்று எனக்குச் சொல்லிக் கொடு.

உன் அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

செருப்பு அருமை. நேற்று கடைத்தெரு வரைக்கும் நடந்து போய்வந்தேன். மருந்துக்கடைக்காரர், "என்ன சார், காலு சரியாயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். திட்டாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில், போனில் எதுவும் பேசாதே. உன் போன் கணக்கு இன்னும் அவர் பெயரில்தானே இருக்கிறது? தவிர, உத்தரவு என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். நாக்கில் இருந்தால் ஆளுக்கு ஒரு மாதிரி மாறிவிடும். கடிதம் எழுது, நானும் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுது. நீ எழுதியிருப்பது நோக்கமே இல்லை, அது கோபம். "என் கடை நிற்க வேண்டும்" என்று எழுதிப் பார். பிறகு களம். உன்னிடம் யார் வாங்குகிறார்கள், எந்த மாதம், எதைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் களம்தான். கையில் இருப்பதை முழுக்க இறக்கிவிடாதே, ஒரு பங்கைப் பின்னால் ஒதுக்கி வை. எதிரி செய்யக்கூடியதை இரண்டு விதமாக யோசி. அவர் பெரும்பாலும் என்ன செய்வார்? உனக்கு ரொம்ப ஆபத்தாக என்ன செய்வார்?

இன்னொன்று. எங்கள் பிரிவில் திட்டம் போட்டதும் எங்களில் ஒருவர் எதிரியாக உட்காருவார். திட்டத்தை உடைப்பதுதான் அவர் வேலை. அதை நான் செய்கிறேன். நீ திட்டம் எழுதி அனுப்பு, நான் எதிரியாக இருந்து பதில் எழுதுகிறேன்.

எந்த உத்தரவையும் இந்த ஒரு வரியோடுதான் முடிப்போம். நீயும் பழகிக்கொள்.

கேள்வி உண்டா?

உன் தம்பி

*

மார்ச் 24

என் பட்டாளத்துக்கு,

கேள்வி உண்டு. எதிரிக்கு என்னடா "அவர்"? பட்டாளத்தில் எதிரியைக் கண்டாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்வீர்களோ?

நீ சொன்னபடி பின்னறைத் தரையில் களம் வரைந்தேன். சாக்பீஸில் ஊர்கள், செருப்புப் பெட்டிகள்தான் படை. நம்மிடம் பேக்கிங் பண்ணும் அம்மாவை அவன் இடத்தில் உட்கார வைத்தேன். "நான் எதுக்கும்மா அந்தாளா இருக்கணும், பாவம் புடிக்கும்" என்றாள். அப்புறம் உட்கார்ந்தவள் என் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று சிரித்தாள். எனக்கு வேர்த்துவிட்டது.

களம் பார்த்ததில் ஒன்று புரிந்தது. நம் பெண்கள் விலையைப் பார்த்துப் பயப்படுவதில்லை. கடிக்குமோ, இறுக்குமோ, திருப்பி அனுப்ப முடியாதோ என்று பயப்படுகிறார்கள். ஆகவே ஏப்ரல் நடுவில், திருப்பி அனுப்பக் கட்டணமே கிடையாது என்று அறிவிக்கப் போகிறேன். அவன் அதைத் தாங்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

நோக்கத்தை மட்டும் மாற்ற மாட்டேன். என் கடை நிற்பது எனக்குத் தெரிந்த வேலை, அதற்குத் திட்டம் தேவையில்லை. அவன் விழ வேண்டும்.

கேள்வி உண்டா?

உன் அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

இந்தக் கடிதத்தில் நான் உன் தம்பி இல்லை. எதிரி பேசுகிறேன்.

கட்டணமில்லாமல் திருப்பி அனுப்பலாம் என்று நீ அறிவிக்கும்வரை நான் காத்திருக்க மாட்டேன், ஒரு வாரம் முன்னாலேயே அறிவிப்பேன். உன் அறிவிப்பு வரும்போது அது பழைய செய்தியாக இருக்கும். முட்டி வலியால் என்னால் நின்று பேக்கிங் செய்ய முடியவில்லை, அதனால் அந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டேன். அதில் மிச்சமான நேரத்தை விளம்பரத்தில் போடுவேன். மூத்த பெண்கள் படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில் போடுவேன்.

எதிரி பேசி முடித்தான். இப்போது உன் தம்பி. அக்கா, அறிவிப்பைத் தள்ளிப் போடு. அவசரப்பட்டால் இரண்டு பேருக்கும் கையைக் கடிக்கும்.

கேள்வி உண்டா?

உன் தம்பி

*

மே 12

அன்புத் தம்பிக்கு,

உனக்கு ஜோசியம் தெரியும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே. நீ எழுதிய அத்தனையும் அப்படியே நடந்தது. ஒரு வாரம் முன்னாலேயே அறிவித்தான். பெரிய எழுத்தில் விளம்பரம் போட்டான். எங்கள் பேக்கிங் அம்மா அதைப் படித்துவிட்டு, "கண்ணாடி இல்லாமலே தெரியுதும்மா" என்று என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். எதிரியாக உட்கார உன்னை விட்டால் ஆள் கிடையாது.

இப்போது கடைசித் திட்டம். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், பேக்கிங் அம்மாவுக்கும் தெரியாது. மழைக்காலம் வருகிறது. மழையில் நம் பெண்கள் கால் நனைந்து அவதிப்படுகிறார்கள். அவர்களுக்காக, தண்ணீர் புகாத, விரல் முதல் குதிகால் வரை மூடிய ரப்பர் செருப்பு. ஜூன் முதல் வாரத்தில் இறக்குகிறேன். ஒதுக்கி வைத்த பங்கையும் சேர்த்து எல்லாப் பணத்தையும் இதில் போடுகிறேன். முதலில் சந்தைக்கு வருபவருக்குத்தான் மழை முழுவதும். அவன் பின்னால் வந்தால் ஒரு ஜோடி விற்காது.

எதிரியாக இருந்து பார்த்துச் சொல். என்னிடம் சொல்ல வேறு ஏதாவது இருந்தாலும் சொல்லிவிடு, தம்பி. எதுவாக இருந்தாலும் சரி. கோபப்பட மாட்டேன்.

கேள்வி உண்டா?

உன் அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டம் நன்றாக இருக்கிறது. ஒதுக்கி வைத்ததையும் சேர்த்து இறக்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எதிரியாகச் சொல்கிறேன், இது தெரிந்தால் நான் உனக்கு முன்னால் இறக்கிவிடுவேன்.

தம்பியாக ஒன்று சொல்லட்டுமா? அடிபட்டு நான் மருத்துவமனையில் கிடந்தபோது அத்தான் எனக்குச் சட்டை மாட்டிவிட்டார், சாப்பாடு ஊட்டிவிட்டார். நீ கடையை விட்டு வர முடியாத நேரம் அது. அதை என்னால் மறக்க முடியவில்லை. அவர் உனக்குச் செய்தது தப்புத்தான். ஆனாலும் சந்தையில் இரண்டு கடைக்கும் இடம் இருக்கிறது அக்கா. ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பார்த்தால் என்ன? நான் நடுவில் இருக்கிறேன்.

மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. கேள்வியும் இல்லை.

உன் தம்பி

*

ஜூன் 30

அக்கா,

மழை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் உன் கடைப் பக்கத்தைப் பார்க்கிறேன். மூடிய செருப்பு ஒன்றுகூட வரவில்லை. பழைய வார் வைத்த செருப்புதான் இருக்கிறது. சரக்கு வர வழியில் தடங்கலா? பணம் மாட்டிக்கொண்டதா? திட்டம் மாறியிருந்தால் எனக்கு ஏன் எழுதவில்லை?

போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. பரவாயில்லை, காகிதத்தில் எழுது. என்ன நடந்தது என்று ஒரு வரி போதும்.

உன் தம்பி

*

ஜூலை 9

தம்பிக்கு,

ஒரு தடங்கலும் இல்லை. மூடிய செருப்பு ஒரு ஜோடிகூட நான் வாங்கவே இல்லை.

வீங்கிய பாதம் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. வாரைத் தளர்த்திக்கொள்ள வேண்டும், அதனால்தான் நம் செருப்பில் மூன்று இடத்தில் வார். மூடிய ரப்பருக்குள் அந்தக் காலை விட்டால் மத்தியானத்துக்குள் கழற்ற முடியாமல் அழுவார்கள். தோல் வெட்டிய எனக்குத் தெரியும். மேஜையில் உட்கார்ந்த உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அவன் எனக்கு முன்னால் இறக்கினான். நான் எழுதிய மாதிரியே, விரல் முதல் குதிகால் வரை. கடன் வாங்கி இறக்கியிருக்கிறான். பெண்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள், கட்டணமில்லாமல். அந்த அறிவிப்பும் நீ அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். போன வியாழக்கிழமை அவன் கிடங்கு வழியாகப் போனேன். ஷட்டரில் பூட்டுத் தொங்கியது. வாசலில் நனைந்த பெட்டிகள். எதிர்ப் பக்கம் குடையோடு நின்று ஆசை தீரப் பார்த்தேன். இன்று அவன் கடைப் பக்கமும் இல்லை, என் காலும் இல்லை.

நீ அவனிடமும் போய்ச் சொல்வது எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைப்பாய். ஏப்ரலில் எதிரியாக இருந்து நீ எழுதிய அந்த முட்டி வலி. என்னோடு இருந்தவரை அவனுக்கு முட்டி வலி கிடையாது. போய்ப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். ஆனாலும் என் தம்பி அப்படிச் செய்வானா என்று மனசு கேட்கவில்லை. அதனால்தான் மூடிய செருப்பு. உலகத்தில் அதை உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

இரண்டு பக்கமும் நீயே திட்டம் போட்டால் யாரும் விழ மாட்டார்கள், கடைசியில் சமாதானம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டிருப்பாய். கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். அவன் உனக்கு ஊட்டிவிட்டான், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சோற்றைச் சமைத்து அவன் கையில் கொடுத்தனுப்பியது யார் என்று அவன் சொன்னானா? எனக்கு வயிறு எரிகிறது, தம்பி. அவன் கடை மூடிய பிறகும் எரிகிறது. அவன் போனபோதுகூட எனக்கு நீ இருக்கிறாய் என்று நினைத்தேன்.

சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன் என்று மே மாதமே எழுதினேன். சத்தியமாகக் கோபப்பட்டிருக்க மாட்டேன். அவனை வீழ்த்த வேறு வழி பார்த்திருப்பேன், உன்னை வைத்து வீழ்த்தியிருக்க மாட்டேன். நீ ஒன்றுமில்லை என்று எழுதினாய்.

உன் கடிதங்களையெல்லாம் நீ சொன்னபடி கிழித்துவிட்டேன். இதோடு ஒரு ஜோடி அனுப்புகிறேன். இடது அடி உயரம் சரியாக இருக்கும், அளந்துதான் தைத்தேன். தேய்ந்துபோனால் எனக்கு எழுதாதே. உன் காலுக்குத் தைக்கத் தெரிந்த கடைகள் இரண்டு இருந்தன. ஒன்று மூடிவிட்டது. இன்னொன்றில் இனி உன் அளவு கிடையாது.

கேள்வி வேண்டாம்.

செருப்புக் கடைக்காரி