பனிமேல் இறக்காத குடம்

வளம் ஓங்குக. வானளாவும் சிகரங்களும் வற்றாத ஏரிகளும் அரண்செய்யும் பனிக்கோட்டு நாட்டுத் தலைவி வெண்ணி நங்கையார் திருமுன்பு, மாதிரபுரத்து அரசர் சுடர்வேல் இளமாறரின் ஓலைநாயகம் காரியாதன் தலைதாழ்த்தி எழுதுவது. நலம் வினவும் தகுதி இவ்வோலைக்கு இல்லை. தங்கள் மகன் எயினன் இனித் திரும்பான்.

முடிசூட்டு நீராட்டுக்குச் சிகரத்தடி ஏரியில் நீர் முகந்துவரக் குடமேந்தி கீரந்தை புறப்பட்டதையும், வழிகாட்டியாக எயினன் உடன்சென்றதையும் தாங்கள் அறிவீர்கள். முகந்த குடம் அரண்மனை சேரும்வரை நிலத்தில் படலாகாது என்பது முன்னோர் வழக்கு. பட்டால் தலை தப்பாது என்று கீரந்தையை எச்சரித்து அனுப்பியவன் அடியேனே.

ஏழு நாள் ஏறி நீர் முகந்தார்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் ஒருவர் மாற்றி ஒருவர் குடத்தை மடியில் ஏந்தினார்கள். திரும்புகையில், மலையிடுக்கில் கல்லாய் உறைந்து கிடக்கும் பனியாற்றின் நடுவே, முன்னே நடந்த எயினனின் காலடிப் பனி பிளந்தது. மூன்று ஆள் ஆழத்தில் விளிம்பொன்றைப் பற்றித் தொங்கினான். கயிறு கீரந்தையின் தோளில். குடம் அவன் இரு கைகளில். குடத்தை இறக்கிக் கயிற்றை வீசுமாறு எயினன் வேண்டினான். வாங்கிக்கொள்ள வேறு ஆளில்லை. கீரந்தை மண்டியிட்டுக் குடத்தைத் தொடையிடுக்கில் நிறுத்தி, ஒற்றைக் கையால் கயிற்றை அவிழ்க்க முயன்றான். உறைந்த முடிச்சு அசையவில்லை. எயினன் மறுமுறையும் வேண்டினான். மூன்றாம் முறை குரல் எழவில்லை.

குடம் ஒரு துளி குறையாமல் வந்தது. அரசர் நீராடி முடிசூடினார், ஊர் ஆர்ப்பரித்தது. வேண்டும் பரிசு கேட்குமாறு அரசர் பணித்தபோது, பொன் வேண்டா, பனி நிலமா என்று மட்டும் அறியவேண்டும் என்றான் கீரந்தை. அவனை வெளியே நிறுத்திவிட்டு, வழக்கறிந்த பெரியோர் அறுவர் கூடினர். ஒரு நாழிகைகூடச் செல்லவில்லை. பனி நீரே, நிலமன்று. அங்கே குடத்தை இறக்கியிருந்தால் குற்றமில்லை என்று ஒருமனதாக முடித்தனர். அவனை அனுப்புமுன் அடியேன் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. கேட்கவில்லை, தாயே. அந்தப் பாவம் என்னுடையது.

விடையைக் கீரந்தைக்கு எவரும் உரைக்கவில்லை. இவ்வோலையைத் தானே வேண்டிப் பெற்றுக் கொணர்ந்து தங்கள் வாயிலில் நிற்பவன் அவனே. எழுத்தறியான்.

ஆதலின் அரசாணை இது: அவன் உயிரும் அவன் கேட்ட விடையும் இன்றுமுதல் பனிக்கோட்டுத் தலைவியின் கையில், அரண்மனை இடைபுகாது. வேல் முத்திரையிட்டு விடுத்த இவ்வோலையை அவன் செவிகேட்கப் படிப்பதும், படியாது சுருட்டுவதும் தங்கள் ஆணை.