விளக்குக் கண்ணாடியில் சந்தனப் பொட்டு

அக்டோபர் 3

இவர் இன்றைக்கும் ரபீக் ஒர்க்‌ஷாப்பில்தான். வேனுக்கு மறுபடி ஹெட்லைட் பல்பு மாற்றம். ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, இப்போது இது — பளீரென்று வெள்ளை. வாசலில் போட்டுக் காட்டியபோது எதிர்வீட்டு ஆவுடையம்மாள் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினாள். இவரோ, "மங்கலாத்தான இருக்கு" என்கிறார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இரண்டு விளக்குக் கண்ணாடியிலும் அப்பிக் கிடக்கிறது. அதுதான் மறைக்கிறதாம். துடையுங்களேன் என்றால், தானாக உதிரும்வரை தொடக்கூடாதாம். மாமனார் லாரி ஓட்டிய காலத்திலிருந்து இந்த வீட்டுச் சட்டம் அது.

அக்டோபர் 5

ஐந்தருவியில் குளிக்க வந்தவர்களைத் தென்காசி ஸ்டேஷனில் விடப் போனார். காய்கறி வாங்க நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மேலகரம் தாண்டும்போது இருட்டிவிட்டது. எதிரே ஒரு கார் கடந்தது. ரோட்டோரம் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி, இடுப்பில் பிள்ளை. எனக்கு நன்றாகவே தெரிகிறாள். வண்டி அவளைப் பார்த்தே போகிறது!

"ஏங்க, ஆளு!" என்று அலறினேன். பிரேக் போட்டார். பிள்ளை வீரிட்டது. பம்பருக்கும் அவளுக்கும் ஒரு முழம் இருந்திருக்குமா?

"பொட்டு மறைக்குதுட்டி, வெளிச்சம் எங்க வருது?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். அப்படியென்றால் எனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

அக்டோபர் 6

அந்தப் பிள்ளையின் சத்தம் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 7

இவர் குளிக்கப் போனதும் ஈரத்துணியால் இரண்டு கண்ணாடியையும் துடைத்துவிட்டேன். சாமி, கோபம் என்மேலேயே இருக்கட்டும்.

அக்டோபர் 8

செங்கோட்டைச் சவாரி முடித்து வந்தார். "இன்னைக்கும் ஒண்ணும் தெரியல செல்வி. அந்தச் சந்தனம் உதிராம வெளிச்சம் வராது."

விளக்குக் கண்ணாடி கழுவின தட்டு மாதிரி இருக்கிறது. அதன் முன்னால் நின்றுதான் காலையில் கும்பிட்டுக் கிளம்பினார். பல்பும் இல்லை, பொட்டும் இல்லை — கண்.

அக்டோபர் 9

பக்கத்துத் தெரு தில்லைநாயகம் அண்ணாச்சி வந்தார். "நம்பி, புரட்டாசிக் கடைசிச் சனிக்கு நவதிருப்பதி போறோம். உன் வண்டிதான்." பேரப்பிள்ளைகளும் வருகிறார்களாம். விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் திரும்ப முடியும்.

அவர் போனதும் சொன்னேன். "நான் சொல்லுதத கேளுங்க. இந்தச் சவாரி வேண்டாம். கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்."

"வாயப் பொத்துட்டி. டிரைவருக்குக் கண்ணு தெரியலன்னு பேச்சு வந்தா எவன் ஏறுவான்? அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவ?"

ஆக, தெரிந்தேதான் ஓட்டுகிறார். பாவி மனுசா!

அக்டோபர் 10

சாயங்காலம் வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சியிடம் சொல்லிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். கழற்றினேன். கட்டின புருசனை ஊர் முன்னால் தலைகுனிய வைப்பதா? இல்லை, அந்தப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு வாசலில் நின்று கையாட்டுவதா?

கடைசியில் வண்டி முன்னால் போய் நின்றேன். "பொட்டு உதிர்ந்துட்டான்னு பாருங்க."

"இல்லட்டி, அப்படியேதான் இருக்கு."

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலால் வட்டமாகத் தடவினார். அந்தப் பக்கத்து விளக்கையும் போய்த் தடவினார்.

"எப்பத் துடைச்ச?"

"செவ்வாக்கிழமை."

பிறகு போனை எடுத்தார். "அண்ணாச்சி, எனக்குக் கண்ணு சரியில்ல. நாளைக்கு வண்டிய இசக்கிப்பாண்டி எடுப்பான். நல்ல டிரைவர்." அவர் குரல் உடையவில்லை. நான்தான் அழுதேன்.

நவம்பர் 12

கண்புரைதான். ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது. இன்னொன்று அடுத்த மாதம்.

ஜனவரி 20

ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்ததும் வண்டியைக் கிளப்பி, லைட்டைப் போட்டு, இறங்கி எதிரே போய் நின்றார். சட்டென்று கையால் முகத்தை மறைத்தார்.

"ஏட்டி, இதையா போட்டு ஓட்டுனேன்? எதிர வந்தவன்லாம் என்ன பாடுபட்டிருப்பான்!"

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள் ஆவுடையம்மாள்.

அப்போதே ரபீக்கிடம் போய்ப் பழைய பல்பை மாட்டிக்கொண்டு வந்தார். சந்தனக் கிண்ணம் கேட்டார். பம்பரில் பொட்டு வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, விளக்குக் கண்ணாடி இரண்டையும் அவரே துடைத்தார்.