சின்னவிரலும் கழுத்துப் படமும்

மார்ச் 6, செவ்வாய். விடியவே வெயில்.

ஓம் மச்சான், அரசாங்கக் கச்சேரியில முப்பது வருசம் இங்கிலீசுக் கடிதம் எழுதினனீர். ஆர் இல்லையெண்டது? அதுக்காக என்ரை கழுத்தை வெட்டச் சொல்ல நீர் ஆர்?

முகத்துக்கு நேரே சொல்ல இருந்தேன். அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டான். அதனால் இங்கே.

என் மனைவி பூமணியின் தம்பி கதிர்காமு. எம்.ஆர்.ஐ. ரிப்போட்டை வாசித்தவன் அவன்தான்.

"அத்தான், கழுத்தில அஞ்சாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவில வட்டு பிதுங்கியிருக்காம். நரம்பில முட்டுதாம். விட்டா கை விழுந்திடும். கொழும்பில ஒப்பரேசன்தான்."

பூமணி அழவில்லை. குசினியில் சட்டிகள்தான் சத்தம் போட்டன.

வருத்தம்: இடது கை. சின்னவிரல், மோதிரவிரலில் பாதி. எறும்பு ஊர்கிற மாதிரி. மூன்று மாதமாக.

படம் எடுத்தது போன கிழமை. "உடம்பில இரும்பு ஏதும் இருக்கா?" என்று கேட்டாள் அங்கே நின்ற பிள்ளை. "வழியில ஆமியும் இதைத்தான் கேட்டவன், மகள்" என்றேன். சிரிக்கவில்லை. குழாய்க்குள் துறைமுகத்து வின்ச் மாதிரி இரைச்சல். அரை மணித்தியாலம் ஆடாமல் கிடந்தேன். பூமணி நம்பவில்லை.

மார்ச் 7, புதன். மரக்கறி விலை வாயால் சொல்ல ஏலாது.

ரிப்போட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். என் பெயரும் வயதும் விளங்கின. மிச்சம் கதிர்காமுவுக்கு.

பின்னேரம் சலூனுக்கு என்று சொல்லிப் புறப்பட்டேன். "வெட்ட என்ன இருக்கு?" என்றாள், என் தலையைப் பார்த்து. நியாயமான கேள்விதான்.

அனீபா நானா வீடு. சீட்டில் முந்நூற்றி நாலு ஆட்டம், நானா என் சோடி. இரண்டு ஆட்டம் எங்களுக்கு. விரல் மரத்துத்தான் இருந்தது.

இதை எழுதாமல் விடுவது சரியில்லை. போன வருசம் சுற்றிவளைப்பில், சீட்டு விளையாடிக்கொண்டிருந்த எங்கள் நாலு பேரையும் ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலு பேர் கூடியிருந்து என்ன கதை என்று கேள்வி. பொழுதுபட விட்டார்கள். பகல் முழுக்க காம்ப் கேற்றடியில் நின்றவள் பூமணி, தண்ணீர்கூட இல்லாமல். அடுத்த நாள் கோயிலில் கற்பூரத்தின் முன்னால் சத்தியம் வாங்கினாள். சண்டை முடியும்வரை சீட்டைத் தொடுவதில்லை.

ஆறு கிழமை தொடவில்லை. சண்டை முடிகிற பாடாயில்லை.

மார்ச் 8, வியாழன். புழுக்கம்.

ஆஸ்பத்திரி. மாதம் ஒருக்கால் வருகிற நரம்பு டொக்டர். பெடியன் மாதிரி இருக்கிறார். படத்தைக் கொஞ்ச நேரம், என் கையை நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா, எந்த விரல்?"

காட்டினேன்.

"பெருவிரல்? சுட்டுவிரல்?"

"அதுகள் நல்ல பிள்ளையள்."

"அஞ்சு-ஆறில நரம்பு நசுங்கினா பெருவிரல், சுட்டுவிரல் பக்கம்தான் விறைக்கிறது. உங்களுக்கு மற்றப் பக்கம். ரிப்போட்டில நரம்பைத் தொடுது எண்டுதான் கிடக்கு. தொடுறது வேற, நசுக்கிறது வேற. உங்கட வயசில கனபேருக்குப் படம் எடுத்தா இப்பிடித்தான் இருக்கும். ஒரு நோவும் இல்லாதவைக்கும்."

பூமணி முன்னுக்குச் சரிந்து கேட்டாள். டொக்டர் முழங்கையின் உள்பக்கம் தட்டினார். சின்னவிரல்வரை கரண்ட்.

"முழங்கையை எதிலயும் ஊண்டுறனீங்களோ? கனநேரம்?"

பக்கத்தில் பூமணி.

"இல்லை டொக்டர். நான் சும்மா இருக்கிற மனுசன்."

டொக்டர் யோசித்தார். "அப்ப கழுத்தையும் விடேலாது. கொழும்புச் சத்திரசிகிச்சை டொக்டரிட்டக் காட்டுங்கோ. நாளைக்கு வந்து கடிதம் எடுங்கோ. அதுக்குள்ள கை பெலன் குறைஞ்சா, நடை தடுமாறினா உடன வரவேணும்."

வெளியே வந்து பூமணி சொன்னது: "வெட்டட்டும். நான் கூட வாறன்."

இரவு சோறு இறங்கவில்லை.

மார்ச் 9, வெள்ளி.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தே எழுதுகிறேன். எங்கள் நம்பர் பதினொன்று, உள்ளே நாலு. பூமணி பையில் என் சாரம், துவாய், கிராமசேவகர் கடிதம். கொழும்புக்கு இப்போதே தயார்.

"பூமணி, முழங்கை ஊண்டுறனான்."

"எங்க?"

"அனீபா நானா வீட்டு மேசையில."



"சீட்டோ?"

"ஓம்."

"எவ்வளவு நாளா?"

"ஐப்பசி தொடக்கம்."

"இந்தக் கை விறைச்சது மார்கழியில." கணக்கு அவளுக்குச் சரியாக வரும். "நான் கேற்றடியில நிண்டதை மறந்திட்டியள், என்ன?"

"மறக்கேல்லை. இஞ்ச பாரும், அந்த மேசை விளிம்பு சரியான கூர். முழங்கையை ஊண்டினா என்னட்ட நல்ல துரும்புச் சீட்டு இருக்கெண்டு நானாவுக்குச் சைகை..."

படக் கவரை என் மடியிலிருந்து பறித்தாள். நம்பர் கூப்பிடும் தாதியைத் தாண்டி, நேரே டொக்டரின் அறைக்குள். நானா ஒருநாளும் அந்தச் சைகையைக் கவனிப்பதில்லை, அதுதான் பகிடி என்று சொல்ல வாயெடுத்தேன்.