சங்கு ஊதின பிறகு

பாளையம்பட்டி
1-5-1946

அன்புள்ள எலிசபெத்துக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். அத்தைக்குக் காய்ச்சல் விட்டதா? உன் அம்மாவைப் பார்க்கத் திருச்சுழி போனவள் அங்கேயே தங்கிவிட்டாய். நான் வெந்தும் வேகாத சோற்றைத் தின்கிறேன்.

பஞ்சு மில்லில் என் மேஸ்திரி வேலை ஆட்டம் கண்டுவிட்டது. பொம்பளை ஆட்களில் பாதிப்பேர் மட்டம். "ஆளு வரலேன்னா நீயும் வராதே ஞானையா" என்கிறார் முதலாளி. நாளையிலிருந்து காலையில் மில் சங்கு ஊதியதும் கேட்டைப் பூட்டப்போகிறேன். அப்போதுதான் வழிக்கு வருவார்கள்.

நீ எப்போது வருகிறாய்?

ஞானையா

திருச்சுழி
4-5-1946

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். அவளைத் தனியே விட்டு வர மனமில்லை. கோபிக்காதீர்கள்.

ஐயோ, கேட்டைப் பூட்டாதீர்கள்! நீங்கள் ஒருநாளாவது குடம் தூக்கியிருக்கிறீர்களா? கோடையில் நம்மூர் நல்ல தண்ணீர்க் கிணறு ஊறுவதே விடியற்காலந்தான். முறை வைத்து இறைக்கிறோம். கடைசி முறைக்காரி குடத்தை இடுப்பில் வைக்குமுன் சங்கு ஊதிவிடும். பிந்திப் போனால் நீங்கள் ஏசுவீர்கள் என்று பயந்துதான் மட்டம் போடுகிறார்கள். மில்லில் இஞ்சினுக்கென்று வெட்டிய கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதே, சாயங்காலம் ஆளுக்கொரு குடம் எடுத்துப்போகச் சொல்லுங்கள். மறுநாள் உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

எலிசபெத்

பாளையம்பட்டி
8-5-1946

எலிசபெத்துக்கு,

பொண்டாட்டி சொன்னாள் என்று முதலாளியிடம் போய்த் தண்ணீர் கேட்கவா? காறித் துப்புவார். பூட்டியும் ஆள் குறைகிறது. எனக்குத் தூக்கமே இல்லை. நேற்று பிந்தி வந்த அழகுத்தாய் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தானே ஊதுச்சு, தெறங்கண்ணே" என்று கெஞ்சினாள். நான் திறக்கவில்லை. ஒருத்திக்குத் திறந்தால் ஊருக்கே திறக்க வேண்டும்.

உனக்கும் அதே சட்டந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர். பிந்தினால் வரவே வேண்டாம்.

ஞானையா

திருச்சுழி
14-5-1946

அத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டேன். கரி அடுப்பு மூட்டி ஓட்டுகிற பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. திங்கள் காலையில்தான் மாட்டுவண்டி கிடைத்தது. வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாவி குடுக்க வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காக தாயீ" என்றாள்.

கிணற்றடியில் அழகுத்தாய் உட்கார்ந்திருந்தாள். தன் குடத்தைச் சாய்த்துக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினாள். "நானும் பிந்திட்டேன் மதினி" என்று சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

கொண்டுவந்த கருப்பட்டி தங்கம்மாள் அக்காவிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். கேட் பூட்டியிருந்தால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இனி வரச் சொல்லி எழுத வேண்டாம். முதலில் அழகுத்தாய்க்குக் கேட்டைத் திறந்துவிடுங்கள்.

எலிசபெத்